புகை யாருடைய நுரையீரலுக்குள் போகிறது? கிர்க் ஸ்மித்தின் ஆய்வுகளும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் டெல்லியின் காற்று நாட்டின் தலைப்புச் செய்தியாகிறது. பள்ளிகள் மூடப்படுகின்றன, நீதிமன்றங்கள் கேள்வி எழுப்புகின்றன, தொலைக்காட்சிகள் விவாதம் நடத்துகின்றன. சில வாரங்களில் வானம் சற்றே தெளிந்ததும் பேச்சும் அடங்கிவிடுகிறது. இந்த விவாதங்களில் ஏறக்குறைய எப்போதும் விடுபட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிகின்ற அடுப்பங்கரைதான் அது. அந்த அடுப்பின்முன் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருக்கும் பெண்களும் அவர்களது இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகளும் சுவாசிக்கும் காற்றை அளந்து, அதை உலகப் பொதுச் சுகாதாரத்தின் மையக் கேள்விகளில் ஒன்றாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறிவியலாளர் கிர்க் ஸ்மித்.

1947இல் பிறந்து 2020 ஜூன் மாதத்தில் மறைந்த ஸ்மித், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உலகளாவிய சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையின் பேராசிரியராகப் பணியாற்றியவர். எரிபொருள், அது எரியும்போது வெளிப்படும் மாசு, அந்த மாசு மனித உடலை அடையும் வழி ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டு ஆராய்ந்தார். அவரது ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தியாவில் நடந்தது. தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் அதில் முக்கியப் பங்காற்றினர். அவர் கண்டறிந்தவை எவை, அவற்றிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நிற்கும் நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் எவை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

குஜராத் சிற்றூர்களில் தொடங்கிய அளவீடு

1981ஆம் ஆண்டு ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களான ஏ.எல். அகர்வால், ஆர்.எம். தவே ஆகியோரும் குஜராத்தின் நான்கு சிற்றூர்களில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். சமைக்கும் பெண்கள் தம் உடலோடு அணிந்துகொள்ளும் சிறு கருவிகளைக் கொண்டு, சமையல் நேரத்தில் அவர்கள் சுவாசிக்கும் காற்றிலிருந்து மாசுத் துகள்களைச் சேகரித்தனர். 1983இல் வெளியான அதன் முடிவுகள் அதிர்ச்சி அளிப்பவையாக இருந்தன. சமையல் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. மாசுக்குப் பெயர்போன பெருநகரங்களின் தெருக்காற்றைக் காட்டிலும் இது பன்மடங்கு அதிகம். சிகரெட் புகையில் காணப்படும் புற்றுநோய்க் காரணியான பென்சோபைரீனும் அந்தப் புகையில் மிகுதியாக இருந்தது. சாதாரண விறகடுப்பு ஒன்று ஒரு மணி நேரத்தில் வெளியிடும் புகை ஏறக்குறைய 400 சிகரெட்டுகளின் புகைக்கு ஈடாகும் என்று ஸ்மித் பிற்காலத்தில் விளக்குவதுண்டு.

இந்த அளவீட்டை அதற்கு முன் ஏன் எவரும் பெரிய அளவில் செய்யவில்லை? காற்று மாசு என்பது தொழில் வளர்ச்சியின் விளைவு என்று அறிவியல் உலகம் கருதிவந்தது. ஆகவே அளவிடும் கருவிகள் தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் அருகிலும் நகரக் கட்டடங்களின் மாடிகளிலும் பொருத்தப்பட்டன. தொழிற்சாலை இல்லாத கிராமத்தின் காற்று தூய்மையானது என்ற நம்பிக்கை கேள்விக்கு உள்ளாகவே இல்லை. சமையல் பெண்களின் வேலை, அது வீட்டுக்குள் நடப்பது, செய்பவர்களுக்குக் கூலி இல்லை. எனவே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் பார்வையிலும் அது படவில்லை.

வெளியேறும் மாசும் உட்செல்லும் மாசும்

ஸ்மித்தின் பங்களிப்புகளுள் மாணவர்கள் கவனமாகக் கற்க வேண்டிய கருத்து ஒன்று உண்டு. வெளியேற்றப்படும் மாசில் எத்தனை பங்கு மனிதர்களின் மூச்சில் உண்மையில் நுழைகிறது என்று கணக்கிடும் முறை அது. அதை 'உள்ளிழுக்கும் பங்கு' எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மக்கள் குடியிருப்புகளிலிருந்து விலகியிருக்கும் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி ஒரு டன் துகள்களை வெளியிடுகிறது. அவை காற்றில் கலந்து, பரவி, நீர்த்துப்போய், இறுதியில் மக்களின் நுரையீரலை அடையும் அளவு ஏறத்தாழ ஒரு கிராம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே ஒரு டன் துகள்கள் மூடிய வீடுகளுக்குள் எரியும் அடுப்புகளிலிருந்து வெளிவந்தால் நுரையீரலை அடையும் அளவு ஏறத்தாழ ஒரு கிலோகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. இடத்துக்கு இடம் இந்த எண்கள் மாறுபடும். ஆனால் உள்ளே எரிவதற்கும் தொலைவில் எரிவதற்கும் உள்ள வேறுபாடு சுமார் 1,000 மடங்கு என்பதுதான் ஸ்மித் வலியுறுத்திய மையச் செய்தி.

இதன் பொருள் என்ன? ஒரு நாட்டின் மொத்த மாசுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கொள்கை வகுத்தால், அதிக மக்களைக் கொல்லும் மாசு சிறிய எண்ணாகத் தோன்றிக் கவனத்திலிருந்து நழுவிவிடும். எவ்வளவு புகை எழுகிறது என்பதோடு, எழுந்த புகை எவருக்கு அருகில் எழுகிறது என்றும் கேட்டாக வேண்டும். மக்கள் தம் நேரத்தைச் செலவிடும் இடத்தில்தான் காற்றை அளக்க வேண்டும் என்பது ஸ்மித் தம் மாணவர்களுக்கு ஓயாமல் சொல்லிவந்த பாடம்.

உடலில் நிகழ்வது

விறகின் புகையில் உள்ள நுண்துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டவை, பி.எம். 2.5 என்று நாம் குறிப்பிடுவது இவற்றையே. இவை நுரையீரலின் ஆழம் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்கு வரும் நிமோனியா ஆகியவற்றோடு இப்புகைக்குத் தொடர்பு உண்டு. கண்புரையோடு உள்ள தொடர்பையும் ஆய்வுகள் சுட்டியுள்ளன.

ஆயினும் தொடர்பு இருப்பதைக் காட்டுவது வேறு, புகையைக் குறைத்தால் நோய் குறையும் என்று நிறுவுவது வேறு. பின்னதைச் சோதிக்க ஸ்மித்தும் அவரது குழுவினரும் குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் 2002 முதல் 2004 வரை ஒரு கள ஆய்வை நடத்தினர். பழங்குடி மக்கள் வாழும் 534 வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புகைபோக்கி உள்ள அடுப்பை முதலிலும் மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகும் வழங்கினர். 2011இல் வெளியான முடிவுகளின்படி, புகைபோக்கி அடுப்பு குழந்தைகள் சுவாசித்த மாசை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. மருத்துவர் உறுதிசெய்த மொத்த நிமோனியாவில் ஏற்பட்ட குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதியாகவில்லை. ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் அளவுக்குக் கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

வீட்டுப்புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

தமிழ்நாட்டில் நடந்த பணிகள்

இந்த ஆய்வு மரபு தமிழ்நாட்டில் வேரூன்றியதற்குச் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவரது குழுவினரும் காரணம். தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமப்புற வீடுகளில் காற்றை அளந்து அவர்கள் எழுதிய ஆய்வு 2002இல் வெளியானது. எந்த எரிபொருள், சமையலறை தனியாக உள்ளதா, சமைப்பவர் யார், அருகில் இருப்பவர் யார் என்பவற்றைப் பொறுத்து மாசின் சுமை மாறுவதை அது காட்டியது. ஒற்றை அறையிலேயே சமைத்து, உண்டு, உறங்கும் குடும்பத்தில் சமைக்காதவரும் அந்தப் புகையிலிருந்து தப்புவதில்லை.

இதே குழுவினர் தமிழகத்தில் 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பகாலத்தில் பி.எம். 2.5 அளவு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் கண்டது. ஒரு குழந்தைக்கு இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் விறகடுப்பு உள்ள வீடுகளில் மாசின் அளவு பத்தால் மட்டும் கூடுவதில்லை; பல பத்துகளால் கூடுகிறது.

அடுப்பைத் திருத்துவதா, எரிபொருளை மாற்றுவதா?

1980களில் தொடங்கி 2002 வரை இந்திய அரசு புகை குறைந்த அடுப்புகளை வழங்கும் தேசியத் திட்டத்தை நடத்தியது. 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் பல விரைவில் விரிசல் விட்டன, புகைபோக்கிகள் அடைபட்டன, மக்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். ஒடிசாவில் பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் நடத்திய நீண்டகால ஆய்வும், திருத்திய அடுப்பால் முதல் ஆண்டில் கிடைத்த பயன் அடுத்தடுத்த ஆண்டுகளில் மறைந்துபோவதைக் காட்டியது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து ஸ்மித் வந்தடைந்த முடிவு தெளிவானது. ஏழைகளிடம் இருக்கும் விறகைத் தூய்மையாக எரிக்கச் செய்யும் முயற்சியிலேயே காலத்தைக் கழிக்காமல், வசதி படைத்தோர் பயன்படுத்தும் தூய எரிபொருளான எரிவாயுவையும் மின்சாரத்தையும் ஏழைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றார். எரிவாயு புதைபடிவ எரிபொருளாயிற்றே, புவி வெப்பமாவதை அது கூட்டாதா என்ற எதிர்ப்பு எழுந்தது. 2002இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு அவர் நேரடியாகவே பதில் எழுதினார். உலகின் ஏழைகள் அனைவரும் எரிவாயுவுக்கு மாறினாலும் உலகப் பெட்ரோலியப் பயன்பாட்டில் அது மிகச் சிறு பகுதியே. மேலும், இந்திய அடுப்புகளில் அவர் செய்த அளவீடுகளின்படி, விறகு முழுமையாக எரியாததால் கார்பனின் ஒரு பகுதி மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, கரும்புகை எனப் புவியை மேலும் சூடாக்கும் வடிவங்களில் வெளியேறுகிறது. பணக்காரர்களின் மகிழுந்துகளும் விமானங்களும் உண்டாக்கிய நெருக்கடிக்கான தீர்வை ஏழைப் பெண்களின் நுரையீரலில் தேடுவது நியாயமற்றது என்பதே அவரது வாதத்தின் சாரம்.

தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016 மே 1 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் இந்தத் திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடிகள். உஜ்வலாவின் கீழ் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. 2018இல் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் அனைத்தும் அதற்குத் தகுதி பெற்றன.

இணைப்பு கிடைத்தது, உருளையை மீண்டும் நிரப்பப் பணம் எங்கே? 2018 இறுதி வரையிலான தரவுகளை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், உஜ்வலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே வாங்கியதாகக் குறிப்பிட்டார். பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் 2018இல் நடந்த ஓர் ஆய்வு, உஜ்வலா பயனாளிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இன்னும் விறகையும் வறட்டியையும் பயன்படுத்துவதைக் கண்டது. 2020 மே மாதத்திலிருந்து மானியம் பெருமளவு நின்றுபோனது. 2022இல் 14.2 கிலோ உருளையின் விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. உஜ்வலா பயனாளிகளுக்கு 200 ரூபாயும் பின்னர் 300 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. ஆனால் தினக்கூலிக் குடும்பம் ஒன்று முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். மானியம் அதன் பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். விறகுக்குக் காசு தேவையில்லை, பெண்ணின் உழைப்புப் போதும். அந்த உழைப்பை எவரும் விலையாகக் கணக்கிடுவதில்லை.

அடுப்பின் புகை ஊரின் காற்றாகிறது

வீட்டுக்குள் எழும் புகை வீட்டோடு நிற்பதில்லை. 2018 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வறிக்கை, இந்தியாவில் 2015இல் வெளிக்காற்று மாசால் நேர்ந்த சுமார் 11 லட்சம் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீடுகளில் விறகு முதலியவை எரிவதால் விளைந்தது என்றும், நிலக்கரி எரிப்பால் சுமார் 1,69,000 மரணங்கள் நேர்ந்தன என்றும் மதிப்பிட்டது. ஸ்மித் தம் இறுதி ஆண்டுகளில் சௌரங்ஷு சௌத்ரி, சாக்னிக் டே முதலிய ஆய்வாளர்களுடன் இணைந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு எரிபொருளின் மாசை முற்றிலும் நீக்கினாலே இந்தியாவின் சராசரி பி.எம். 2.5 அளவை ஆண்டுத் தரநிலையான 40 மைக்ரோகிராமுக்குக் கீழே கொண்டுவர முடியும் என்று காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5 மட்டுமே என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு வீடு மட்டும் மாறுவது போதாது என்பதற்கான குறிப்பு அண்மை ஆய்வொன்றிலும் உண்டு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் நடந்த பெரிய ஆய்வில், சுமார் 3,200 கருவுற்ற பெண்களில் ஒரு பாதியினருக்கு எரிவாயு இலவசமாக வழங்கப்பட்டது. அவர்கள் சுவாசித்த மாசு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. எனினும், 2022இல் வெளியான முடிவுகளில் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எரிவாயு பயனற்றது என்று இதைப் படிப்பது தவறாகும். மாற்றம் கர்ப்பத்தின் நடுவில் தொடங்கியதும், மாறிய பின்னும் அப்பெண்கள் சுவாசித்த காற்று சுமார் 24 மைக்ரோகிராம் மாசுடன் இருந்ததும் கவனிக்கத்தக்கவை. ஊர் முழுவதும் மாறினால்தான் ஒருவரின் மூச்சுக்காற்று முழுமையாகத் தூய்மையாகும்.

சாதி எங்கே வருகிறது?

ஸ்மித்தின் முறை 'எவருக்கு அருகில்' என்ற கேள்வியைக் கேட்கக் கற்றுத் தந்தது. இந்தியச் சமூகத்தில் எவர் எங்கே வாழ்கிறார், எதை எரிக்கிறார், எந்த வேலையைச் செய்கிறார் என்பதைச் சாதியே பெருமளவு தீர்மானிக்கிறது. எனவே அக்கேள்வியை நாம் அடுத்த படிக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.

நிலமும் மாடும் உள்ள குடும்பத்துக்குச் சொந்த விறகும் வறட்டியும் உண்டு. நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண், பிறர் வயலோரத்திலும் புறம்போக்கிலும் சுள்ளியும் சருகும் பொறுக்க வேண்டியவர். ஆதிக்கச் சாதியினரின் வசையையும் அச்சுறுத்தலையும் அங்கே எதிர்கொள்பவர். ஈரச் சுள்ளியும் சருகும் நல்ல விறகைவிட அதிகம் புகைபவை. விபோர் சக்சேனா, பி.சி. பட்டாச்சார்யா ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் முதலிய காரணிகளைக் கணக்கில் எடுத்த பின்னும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் எரிவாயு, மின்சாரப் பயன்பாட்டில் பின்தங்கியிருப்பதைக் கண்டது. அதாவது இந்த இடைவெளியை வறுமையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. ஜயஜித் சக்ரவர்த்தி, பிரத்யுஷா பாசு ஆகியோரின் 2021ஆம் ஆண்டு ஆய்வு, பட்டியல் சாதி மக்களின் விகிதம் அதிகமுள்ள மாவட்டங்களில் பி.எம். 2.5 அளவும் அதிகமாக இருப்பதைக் காட்டியது. இது மாவட்ட அளவிலான கணக்கு. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்டும் அளவீடு நமக்கு வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வீட்டு அடுப்பே பெருமாசு என்ற கண்டுபிடிப்பை, ஏழைகளே மாசு செய்கின்றனர் என்று திரித்துப் பேச இயலும். உண்மை அதற்கு மாறானது. தம் நுகர்வின் வழியே அதிக மாசை உண்டாக்கும் வசதி படைத்தோரைவிட, குறைவாக நுகரும் ஏழைகளே மாசால் அதிகம் மடிகின்றனர். அதேபோல், உள்ளிழுக்கும் பங்கு குறைவு என்று கூறி அனல்மின் நிலையங்களை விடுவித்துவிடவும் முடியாது. எண்ணூரில் சாம்பலுக்கும் புகைக்கும் நடுவே வாழும் மீனவ, தலித், உழைக்கும் மக்களுக்கு அந்தப் புகைபோக்கிகள் தொலைவில் இல்லை. குப்பைமேட்டின் புகைக்கு நடுவே பணிபுரியும் தூய்மைப் பணியாளருக்கும் செங்கல் சூளைத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். அருகாமையே கணக்கின் மையம் என்ற ஸ்மித்தின் பாடம் அவர்களின் பக்கமே பேசுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இன்றித் தொழில்மயமாக்கமும் வறுமையிலிருந்து மீட்சியும் இல்லை என்பது அவரது நிலைப்பாடு. ஆற்றல் விடுதலையின் கருவி என்ற அந்தப் பார்வையை இன்று அடுப்பங்கரைக்கும் விரிவுபடுத்த வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் 131 நகரங்களை மையமாகக் கொண்டது. கிராமமும் சேரியும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இன்படி இந்தியாவில் 58.6 விழுக்காடு வீடுகளே சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. கிராமங்களில் இது 43.2 விழுக்காடு மட்டுமே. எனவே காற்றைக் கண்காணிக்கும் நிலையங்கள் கிராமங்களிலும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளிலும் அமைய வேண்டும். எரிவாயு இணைப்புகளின் எண்ணிக்கையோடு, மறுநிரப்பல் எண்ணிக்கையைச் சாதிவாரியாக, மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு மானியம் உருளை வாங்கும்போதே கழிக்கப்பட வேண்டும்.

இவற்றில் பலவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி நாமே கேட்டுப் பெற முடியும். கல்லூரி மாணவர்கள் தம் ஊரின் தெருவாரியாக எந்த வீட்டில் எது எரிகிறது, ஆண்டுக்கு எத்தனை உருளை வாங்கப்படுகிறது என்று எளிய கணக்கெடுப்பை நடத்த முடியும். நான்கு சிற்றூர்களில் சில கருவிகளுடன் தொடங்கிய அளவீடு உலகின் பார்வையை மாற்றியது. சேரியின் காற்றை அளக்கும் வேலையை இனியும் பிறர் தொடங்குவார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.